கேபிள் காரில் ஏறி, பஸ்ஸில் இறங்கி: ஹாங்காங் பெரிய புத்தரைப் பார்த்துவர ஒரு முழுநாள் வழிகாட்டி

ஹாங்காங் போய்வந்த நண்பர்களிடம் பெரிய புத்தரைப் பற்றிக் கேட்டால், அவர்கள் கேபிள் காரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். காலையில் வரிசையில் நின்று ஏறியது, கீழே கடல் தெரிந்தது, கண்ணாடித் தரை, பயம். சரி, புத்தர்? "பெரிசா இருந்தார், படி ஏறிப் படம் எடுத்தோம், திரும்ப வரிசை நீளமாயிடும்னு உடனே இறங்கிட்டோம்." மதியம் இரண்டு மணிக்கெல்லாம் நகரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த மலையில் இருக்கிற நல்ல விஷயங்களில் பாதியை அவர்கள் பார்க்கவே இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது.

நான் இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். இரண்டாவது முறை அம்மாவோடு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மேலே போக மட்டும் கேபிள் கார் டிக்கெட் வாங்குங்கள். கீழே இறங்க பஸ் இருக்கிறது, அதுவும் ஒரு மீனவ ஊர் வழியாக. அப்படிப் போனால் ஒரே நாளில் புத்தரை நான்கு இடங்களிலிருந்து, நான்கு விதமாகப் பார்க்கலாம்.

முதலில் யார் இவர்?

ஹாங்காங்கின் மிகப் பெரிய தீவு லந்தாவ். அதன் மேற்குப் பகுதி மலைமேல் நோங் பிங் என்ற சமவெளி. 1906-இல் சீனாவின் ஜியாங்சூ மாகாணத்திலிருந்து வந்த மூன்று துறவிகள் அங்கே குடில் போட்டார்கள். 'பெரிய குடில்' என்றே அதற்குப் பெயர். 1924-இல் அது போ லின் மடாலயம் ஆனது. போ லின் என்றால் அரிய தாமரை. அந்த மடாலயத்தின் எதிரே உள்ள குன்றில்தான் புத்தர் அமர்ந்திருக்கிறார். 34 மீட்டர் உயரம், 250 டன்னுக்கு மேல் எடை, 202 வெண்கலத் துண்டுகளை ஒட்டிச் செய்த உருவம். வார்த்துக் கொடுத்தது சீனாவின் விண்வெளித் துறையைச் சேர்ந்த நாஞ்சிங் தொழிற்சாலை ஒன்று. 1993 டிசம்பரில் திறந்துவைத்தார்கள். பெய்ஜிங்கில் பேரரசர்கள் வானத்தை வழிபட்ட தியான் தான் பீடத்தைப் போலவே மூன்றடுக்கு வட்டப் பீடம் அமைத்ததால், தியான் தான் புத்தர் என்பது இவருடைய முறையான பெயர்.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சீன மரபில் பெரிய புத்தர்கள் தெற்குப் பார்த்து அமர்வார்கள். இவர் வடக்குப் பார்த்திருக்கிறார், பெருநிலச் சீனாவை நோக்கி. நாள் முடிவில் இது உங்களுக்குப் பயன்படும்.

எப்போது போவது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானம் தெளிவாக இருக்கும், வியர்க்காது. அதுதான் சிறந்த காலம். கோடையில் வெயிலும் இடிமழையும் புயலும் மாறிமாறி வரும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மூடுபனி.

என் முதல் பயணம் மார்ச் மாதம்தான். கேபினுக்கு வெளியே இருபத்தைந்து நிமிடமும் வெள்ளைத் துணி கட்டினதுபோல இருந்தது. படிக்கட்டின் அடியில் நின்று பார்த்தால் நாற்பது படிக்கு மேல் எதுவுமே தெரியவில்லை. ஏறினேன். பீடத்துக்குப் போன பிறகும் புத்தர் இல்லை. அப்புறம் ஒரு காற்று அடித்தது. முதலில் வலது கை மட்டும் தெரிந்தது, அந்தரத்தில் உயர்த்திய ஓர் உள்ளங்கை. பிறகு முகம். அரை நிமிடம் இருந்திருக்கும், மறுபடியும் மூடிக்கொண்டது. அந்த அரை நிமிடம் எனக்குப் பெரிய பேறு. ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை போகிறவர் அதை நம்பிப் போக வேண்டாம். ஹாங்காங் வானிலை ஆய்வகத்தின் செயலியில் நோங் பிங் நிலையத்தின் காற்று வேகம் தனியாக வரும். முந்தின இரவும், கிளம்பும் காலையிலும் பாருங்கள். பலத்த காற்றோ இடியோ இருந்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். பராமரிப்புக்காகவும் வருடத்தில் சில நாட்கள் ஓடாது. அந்தத் தேதிகள் அவர்கள் இணையதளத்தில் முன்கூட்டியே இருக்கும்.

சனி, ஞாயிறு வேண்டாம். சீனப் புத்தாண்டு, மே முதல் வாரம், அக்டோபர் முதல் வாரம் மூன்றும் சீனாவின் பெரிய விடுமுறைகள், அப்போதும் வேண்டாம். புத்தர் பிறந்தநாள் மட்டும் விதிவிலக்கு. சீன நாட்காட்டியில் நான்காம் மாதம் எட்டாம் நாள் வரும், ஹாங்காங்கில் 1999-இலிருந்து அரசு விடுமுறை. கூட்டம் நெரியும், ஆனால் குழந்தைப் புத்தரின் சிறு உருவத்துக்கு மக்கள் கரண்டியால் நீர் வார்த்து அபிஷேகம் செய்வதைப் பார்க்கலாம். அதற்காகக் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்கு 14 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஆனால் கிளம்பும் முன்பே இணையத்தில் வருகை முன்பதிவு செய்து, அந்தத் தாளை அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். கட்டணம் இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது.

துங் சுங் வரை

எம்டிஆர் என்ற மெட்ரோ ரயிலில் ஆரஞ்சு நிறக் கோடு, கடைசி நிலையம் துங் சுங். ஹாங்காங் நிலையத்திலிருந்து அரை மணி நேரம். விமான நிலையத்திலிருந்து நேராக வருகிறீர்கள் என்றால் எஸ்1 பஸ் இங்கேதான் கொண்டுவந்து விடும். ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே ஆக்டோபஸ் அட்டை போதும், அதில் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். பி வாயில் வழியாக வெளியே வந்தால் சில நிமிட நடையில் கேபிள் கார் நிலையம். அதன் பக்கத்திலேயே பஸ் நிலையம். கேபிள் கார் ஓடாத நாளில் 23-ஆம் எண் பஸ் உங்களை நோங் பிங்குக்கு ஏற்றிச் செல்லும், முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வார நாட்களில் காலை 10 மணிக்கும் விடுமுறை நாட்களில் 9 மணிக்கும் கேபிள் கார் தொடங்கும். அரை மணி முன்பே அங்கே இருங்கள். டிக்கெட்டை இணையத்தில் முன்னதாக வாங்கிவிடுங்கள். அன்று காலை கவுண்டரில் வாங்கலாம் என்று நினைத்தால், புத்தரோடு இருக்க வேண்டிய ஒரு மணி நேரம் வரிசையில் போய்விடும். திரும்பவும் சொல்கிறேன், ஒருவழி டிக்கெட்.

சாதாரண கேபினா, கண்ணாடித் தரை போட்ட கிரிஸ்டல் கேபினா? சாதாரணமே போதும் என்பது என் கருத்து. நான்கு பக்கமும் பெரிய கண்ணாடிதான். காலடியில் கடலையும் காட்டையும் பார்க்கக் குழந்தைகளுக்கு ஆசை இருந்தால் கிரிஸ்டல் எடுங்கள். உயரம் என்றால் தலைசுற்றும் பெரியவர்கள் கூட இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

இருபத்தைந்து நிமிடம் அந்தரத்தில்

2006 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய இந்த நோங் பிங் 360 கேபிள் கார் 5.7 கிலோமீட்டர் போகிறது. ஒரு கேபினில் பத்துப் பேர் உட்காரலாம். முதலில் துங் சுங் விரிகுடாவைத் தாண்டி விமான நிலையத் தீவுக்குப் போகும். அங்கே ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும், வந்துவிட்டோம் என்று பலர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். எழ வேண்டாம். பாதை அங்கே திரும்புகிறது, அவ்வளவுதான். கேபின் திசை மாறி மறுபக்கம் வெளியே வந்து மலை ஏறத் தொடங்கும்.

எதிரெதிராக இரண்டு வரிசை இருக்கை இருக்கும். போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காருங்கள். எல்லாரும் முன்பக்கத்துக்குத்தான் பாய்வார்கள், ஆனால் முதல் பாதியில் காட்சி எல்லாம் பின்னால்தான். விமான ஓடுபாதைகள், அவற்றில் வரிசையாக இறங்கும் விமானங்கள், அதற்கும் அப்பால் கடலில் கோடு போட்டதுபோல ஹாங்காங், ஜூஹாய், மக்காவ் மூன்றையும் இணைக்கும் 55 கிலோமீட்டர் பாலத் தடம். கீழே புதர்க்காட்டில் ஒரு மெல்லிய படிப்பாதை கேபிள் கூடவே ஏறிவரும். பழுதானால் மீட்புக்குப் போவதற்காகப் போட்ட பாதை அது. வண்டி ஏற முடியாத இந்தச் சரிவுகளில் கட்டுமானப் பொருட்களை ஹெலிகாப்டரிலும் கோவேறு கழுதைகளின் முதுகிலும் கொண்டுபோனார்கள். இன்று மலையேறுகிறவர்கள் அதில் நடக்கிறார்கள். கேபினிலிருந்து கையசைத்தால் திரும்பக் கையசைப்பார்கள்.

751 மீட்டர் உயரமுள்ள நெய் லாக் மலையின் தோளைத் தாண்டியதும் முன்பக்கம் திரும்பிவிடுங்கள். பச்சை மலைகளுக்கு நடுவே, பழுப்பு நிறத்தில், உள்ளங்கை அளவில் அவர் அமர்ந்திருப்பது தெரியும். இது முதல் தரிசனம். போனை ஒரு நிமிடம் பைக்குள் வையுங்கள்.

படிக்கட்டு

இறங்கியதும் நோங் பிங் கிராமம் என்ற பெயரில் ஒரு கடைத்தெரு. பத்து நிமிடத்தில் கடந்துவிடுங்கள். அதைத் தாண்டி, நுழைவு வளைவுக்கு அப்பால் பாதையின் இருபுறமும் பன்னிரண்டு காவல் தளபதிகளின் கற்சிலைகள். மருந்துப் புத்தரின் காவலர்கள் இவர்கள். ஆளுக்கொரு ஆயுதம், ஆளுக்கொரு சீன ராசி விலங்கு. வழியில் பழுப்பு நிற மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். சாதுவானவைதான், ஆனால் கையில் திறந்த தின்பண்டத்தோடு அருகில் போகாதீர்கள்.

படிகள் 268. ஏறுவதற்குக் கட்டணம் இல்லை. காலை 10 முதல் மாலை 5.30 வரை திறந்திருக்கும். வெயில் ஏறும் முன்பே, மற்ற எதையும் பார்ப்பதற்கு முன்பே, ஏறிவிடுங்கள். அம்மாவுக்கு அப்போது அறுபத்தாறு வயது, மூட்டுவலி உண்டு. நடுநடுவே சமதளங்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் நின்று, பின்னால் திரும்பி மடாலயத்தின் ஓட்டுக்கூரையைப் பார்த்து, மூச்சு வாங்கி, அரை மணி நேரத்தில் ஏறிவிட்டார். முடியவே முடியாதவர்களுக்காகப் பின்பக்கமாக ஒரு வண்டிப் பாதையும் இருக்கிறது. கீழே ஊழியர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஏறும்போது ஒரு வேடிக்கை நடக்கும். அடியிலிருந்து பார்க்கையில் நேராக எதையோ பார்த்துக்கொண்டிருந்த முகம், ஏற ஏற நம்மை நோக்கிக் குனிவதுபோல இருக்கும். இது இரண்டாவது தரிசனம்.

பீடத்தை வலம் வாருங்கள். பௌத்தத்திலும் வலமாகத்தான் சுற்றுவார்கள், நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா மேலே போனதும் முதலில் பார்த்தது கைகளைத்தான். "அட, அபய வரதம்!" என்றார். உயர்த்திய வலது கை அஞ்சாதே என்கிறது. மடியில் விரித்த இடது கை வரம் தருகிறது. நம் ஊர்க் கோயில் கருவறையில் நாள்தோறும் பார்க்கிற அதே இரண்டு முத்திரைகள், கடல் கடந்து இங்கே மலை உச்சியில் வெண்கலத்தில். அப்புறம் அங்கே யாரும் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

பீடத்தில் மண்டியிட்டு இரு கைகளையும் நீட்டியபடி ஆறு தேவர் சிலைகள். ஒருவர் கையில் பூ, மற்றவர்களிடம் தூபம், விளக்கு, சந்தனம் போன்ற பூச்சு, பழம், இசை. ஈகை, ஒழுக்கம், பொறுமை, முயற்சி, தியானம், ஞானம் என்ற ஆறு நிறைகுணங்களுக்கு அவை அடையாளம். கீழே நாணயம் எறிவதைப் பார்ப்பீர்கள், நாம் செய்ய வேண்டாம். புத்தரின் அடியில் மூன்று தளங்களில் மண்டபங்கள் இருக்கின்றன, அதற்குத் தனி டிக்கெட். உள்ளே பெரிய மணி ஒன்று ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை ஒலிக்கும், ஒரு நாளைக்கு 108 முறை. மனிதனுக்கு 108 மன அழுக்குகள் என்பது அவர்கள் கணக்கு. வடக்கு விளிம்பில் நின்று, மணி ஒலித்து அடங்கும்வரை கேளுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

மதியச் சாப்பாடு மடாலயத்தில்

வெளிநாட்டில் சைவச் சாப்பாட்டுக்கு அலைகிறவர்களுக்கு இந்த மடாலயம் ஒரு வரம். 11.30 மணியிலிருந்து இங்கே சாப்பாடு கிடைக்கும். இறைச்சி, மீன், முட்டை இல்லை. பௌத்தத் துறவிகளின் சமையல் என்பதால் வெங்காயம், பூண்டும் இல்லை. சாதாரணம், சிறப்பு என இரண்டு வகை டிக்கெட். சூப், ஸ்பிரிங் ரோல், காளான், டோஃபு, கீரை, சோறு என்று மேசைக்கே கொண்டுவந்து வைப்பார்கள். உப்பு, காரம் நம் நாக்குக்குக் குறைவுதான். கையில் ஒரு சின்னப் பொட்டலம் ஊறுகாய் இருந்தால் தப்பில்லை. அவ்வளவு பசி இல்லாதவர்கள் பக்கத்துச் சிற்றுண்டிக் கடையில் நூடுல்ஸும், வெல்லப் பாகு போன்ற இனிப்போடு வரும் டோஃபு இனிப்பும் சாப்பிடலாம். மடாலய எல்லைக்குள் அசைவமோ மதுவோ கொண்டுவரக் கூடாது. 'ஜாய்' என்ற கண்டோனீஸ் சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோன்புச் சைவம் என்று அர்த்தம். நகரத்து உணவகங்களிலும் கைகொடுக்கும்.

சாப்பிட்ட பிறகு மண்டபங்களைப் பாருங்கள். நுழையும்போது முதலில் வருவது வெய்தோ மண்டபம். கவசம் பூண்டு, தண்டாயுதம் தாங்கி நிற்கும் இளம் வீரர். சீன மடாலயங்களுக்கெல்லாம் காவல் தெய்வம். வடமொழியில் இவர் பெயர் ஸ்கந்தர். ஆமாம், நம் கந்தனிலிருந்து கிளைத்த உருவம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னதும் கையிலிருந்த ஊதுபத்தியை அங்கேயே ஏற்றிவிட்டார். அதையடுத்துப் பிரதான மண்டபத்தில் கடந்த, நிகழ், வருங்காலப் புத்தர்கள் மூவர். 2014-இல் திறந்த பின் மண்டபத்தின் சுவரெங்கும் சிறிய புத்தர்கள், பத்தாயிரம் புத்தர் மண்டபம் என்று பெயர்.

பலர் தவறவிடும் இடம்

இனிமேல்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. மடாலயத்திலிருந்து பலகையைப் பின்தொடர்ந்து மரநிழலில் பதினைந்து நிமிடம் நடந்தால் ஞானப் பாதை. 934 மீட்டர் உயர லந்தாவ் சிகரத்தின் அடிவாரச் சரிவில், எட்டு முதல் பத்து மீட்டர் உயரத்தில் 38 மரத் தூண்கள். மேலிருந்து பார்த்தால் எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்த வடிவில் நிற்கின்றன. தூண்களில் செதுக்கியிருப்பது இருதய சூத்திரம் என்ற பௌத்த நூல். "வடிவமே வெறுமை, வெறுமையே வடிவம்" என்று சொல்லும் அந்தச் சின்னஞ்சிறு நூல், சீனத்தில் எண்ணினால் இருநூற்றறுபது எழுத்தைச் சுற்றித்தான் வரும்.

தூண்களில் இருப்பது சீன அறிஞர் ஜாவ் சுங்-யீயின் கையெழுத்து. 1963-இல் பூனாவுக்கு வந்து பண்டார்க்கர் ஆய்வு நிறுவனத்தில் படித்தவர், சமஸ்கிருதம் அறிந்தவர். சீனர்கள் ஓதும் இந்தச் சூத்திரத்தின் மொழிபெயர்ப்பு யுவான் சுவாங் பெயரில் வழங்குகிறது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் பல்லவர் காலக் காஞ்சிபுரத்துக்கு வந்ததாகப் படித்தோமே, அதே யுவான் சுவாங். அந்தச் சூத்திரத்தின் முடிவில் வரும் மந்திரம் கடைசித் தூண்களில் சீன எழுத்தில் நிற்கிறது. பொருளைப் பெயர்க்காமல் ஒலியை அப்படியே வைத்திருக்கிறார்கள்: கதே கதே பாரகதே பாரசங்கதே போதி ஸ்வாஹா. 'போ, போ, அக்கரைக்குப் போ' என்பதுபோலப் பொருள்.

சரிவின் உச்சியில் நிற்கும் தூணைத் தேடிப் பாருங்கள். அதில் ஒரு எழுத்தும் இல்லை. வெறுமையைச் சொல்ல அதை வெறுமையாகவே விட்டுவிட்டார்கள். மரத்தின் இரேகைகளும் மழை வடிந்த கறையும் மட்டும். அங்கிருந்து திரும்பினால் மரங்களுக்கு மேலே பக்கவாட்டில் புத்தர் தெரிவார். இது மூன்றாவது.

இறங்கும் வழி: டாய் ஓ

மதியம் இரண்டரை, மூன்று மணிக்கு நோங் பிங் பஸ் நிலையத்துக்கு வந்து 21-ஆம் எண் பஸ்ஸைப் பிடியுங்கள். அடிக்கடி வராது. அதனால் காலையில் வந்து இறங்கியதுமே நிறுத்தத்தில் உள்ள நேர அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்தில் டாய் ஓ. தங்கா என்ற படகுவாழ் மக்கள், நீர்மேல் கழி ஊன்றிக் கட்டிய வீடுகள். தட்டையான கூடைகளில் இறால் விழுது காயும், தெருவெல்லாம் அந்த வாசனைதான். பழக்கமில்லாதவர்களுக்கு முதல் பத்து நிமிடம் கஷ்டம். சின்னப் படகில் வீடுகளுக்கு நடுவே போய்க் கடல்வரை காட்டிவிட்டு வருவார்கள். இளஞ்சிவப்பு நிற டால்பின்கள் இந்தக் கடலில் உண்டு, குறைந்துகொண்டே வருகின்றன. தெரிந்தால் அதிர்ஷ்டம். வீடுகளின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் படம் எடுக்காதீர்கள், அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள்.

திரும்புவதற்கு 11-ஆம் எண் பஸ், துங் சுங்குக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம். வெளிச்சம் இருக்கும்போதே ஏறுங்கள். இடது பக்க ஜன்னல் இருக்கை. வழியில் 1963-இல் கட்டி முடித்த ஷெக் பிக் நீர்த்தேக்கத்தின் அணைமேலேயே பஸ் ஓடும். அப்போது இடப்பக்கம் நீருக்கு அப்பால், மலை விளிம்பை அண்ணாந்து பாருங்கள். அவர் வடக்குப் பார்த்தவர், நாம் தெற்கில் இருக்கிறோம். அதனால் முகம் தெரியாது. முதுகும் தோளும் தலையும் மட்டும், சாயங்கால வானத்தில் கட்டைவிரல் அளவில். பஸ் அணையைக் கடக்கக் கொஞ்ச நேரம்தான் ஆகும். அம்மா கண்ணாடியில் கைவைத்து, அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.